வகுக்கத் தெரியாது என்று உறுதி கூறுகிறேன்

என் மனைவிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வகுப்பாள்.

மற்றபடி நல்லவள். மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஒன்பது வருஷமாக நர்ஸ். குழந்தையின் எடையைப் பார்த்து, பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு, மணிக்கு இத்தனை சொட்டு என்று நாள் முழுக்க வகுத்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை. வேலை முடிந்ததும் சீருடையைக் கழற்றி மாட்டுகிறவள், இந்தப் பழக்கத்தை மட்டும் கழற்ற மறந்து கூடவே கொண்டுவந்துவிடுவாள். நான் அதே மருத்துவமனையில் சலவைப் பிரிவு. அழுக்குப் போர்வையை எண்ணி உள்ளே வாங்குவேன், வெளுத்ததை எண்ணி வெளியே அனுப்புவேன். எண்ணிக்கை குறைந்தால் பயப்படுவேன், கூடினால் அதைவிடப் பயப்படுவேன்.

எங்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். அவளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு வாய் உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அவள் குடிக்கக்கூடியது ஒரே ஒரு பால்மாவு. ஊரில் அது கிடைக்கும் இடமும் ஒன்றே ஒன்று: மருத்துவமனை வளாகத்தின் பின்பக்கம் இருக்கும் பணியாளர் நலப் பண்டகசாலை. மெம்பர் கார்டு இருந்தால் மாதம் ஆறு டப்பா. கார்டு இல்லாதவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம், பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு கார்டுதான், எங்களுடையது என் மனைவியின் பெயரில் இருந்தது; அவளோடு போனால் என்னையும் உள்ளே விடுவார்கள்.

பண்டகசாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே யாரும் பொருள் வாங்குவதில்லை, சேமிக்கிறார்கள். பில் போட்டு முடித்ததும் கேஷியர் ஒரு சின்ன மணியை அடித்து, "நீங்க இன்னிக்கு நாப்பத்தேழு சேமிச்சிருக்கீங்க, வாழ்த்துகள்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் கை தட்ட வேண்டும். இருநூறு கொண்டுபோய் ஐநூறுக்குச் சேமித்துவிட்டு, மீதி முந்நூறைக் கடன் சொல்லிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெறுங்கையோடு வெளியே போகிறவர்களுக்கென்று வாசலில் ஒரு பலகை: 'இன்று நீங்கள் எதையும் சேமிக்கவில்லை. குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்?'

வினை சர்க்கரை வரிசையில் ஆரம்பித்தது.

வார்டைப் பெருக்கித் துடைக்கும் அக்கா ஒருத்தி, இரண்டு கிலோ குடும்பப் பொதியைத் தூக்கிக் கூடையில் போட்டாள். மேலே சிவப்பில் 'மகா லாபம்' என்று எழுதியிருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கண் ஒரு தடவை விலைச்சீட்டுக்குப் போய்த் திரும்பியது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். முழங்கையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அதை வெச்சிடுங்க. ரெண்டு கிலோ நூத்திப் பதினெட்டு போட்டிருக்கான். அரைக் கிலோ இருபத்தேழுதான். நாலு அரைக் கிலோ எடுத்தா நூத்தியெட்டு. பத்து மிச்சம்."

அக்கா பொதியைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், மறுபடி பொதியைப் பார்த்தாள். "அப்போ இத்தனை வருஷமா?" என்றாள்.

நான் மனைவியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் என் மனைவி கடைக்குள் காலை வைத்ததும் பின்னாலேயே ஏழு பேர் வந்தார்கள். எக்ஸ்ரே அறைக்காரர், சமையல்கூடத்துப் பெண்கள், ரத்தப் பரிசோதனைக்காரி, எல்லோரும் ஒவ்வொரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "சிஸ்டர், இது?" என்று கேட்டார்கள். பிஸ்கட்டைக் காட்டியபோது, "நேத்து வரைக்கும் ஒண்ணு இருபது, நாலு எண்பது. இன்னிக்கு ஒண்ணு இருபத்தேழுன்னு ஏத்திட்டு மூணு வாங்கினா ஒண்ணு இலவசம்ங்கறான். மூணுக்கு எண்பத்தொண்ணு. இலவசமா குடுக்கறதுக்கு ஒரு ரூபா வாங்கறான்" என்றாள். 'இருபது சதவீதம் கூடுதல்' என்று எழுதிய நூடுல்ஸைக் காட்டினார்கள். "முன்னாடி ஐநூறு கிராம் இருந்துச்சு. நானூறா குறைச்சுட்டு, அதுக்கு மேல இருபது சதவீதம் கூட்டியிருக்கான். நானூத்தி எண்பது. கூடுதல்னு சொல்லி இருபது கிராம் எடுத்துட்டான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அம்மாக்களிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். நான்தான் கேஷியர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பால்மாவு அடுக்கின் முன்னால் நின்றுகொண்டு இதையெல்லாம் சத்தமாகச் சொல்லலாமா?

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? நம்ம டப்பாவை எடுத்தோமா, வந்தோமான்னு இரேன்" என்றேன் வீட்டில்.

"நான் என்னங்க பண்ணேன்? கணக்குதானே சொன்னேன்."

"கணக்குதான் பயமா இருக்கு."

ஒரு மாதத்தில் குடும்பப் பொதிகள் அப்படியே தூசி படிந்து நின்றன. அரைக் கிலோ அடுக்குகள் காலியாகின. கேஷியரின் மணிச் சத்தம் குறைந்து குறைந்து, ஒரு நாள் முழுக்க அடிக்கவே இல்லை என்று சொன்னார்கள்.

பண்டகசாலை நிர்வாகக் கமிட்டி விழித்துக்கொண்டது. முதலில் எடைகளை மாற்றினார்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ எல்லாம் போய் முந்நூற்று எழுபது கிராம், நானூற்றுப் பதினைந்து கிராம் என்று வந்தன. என் மனைவி அதற்கும் ஒரு விநாடிதான் எடுத்துக்கொண்டாள். வார்டுக்கு வரும் குழந்தைகள் எல்லாம் சரியாக ஐந்து கிலோ, பத்து கிலோ என்றா இருக்கின்றன? பிறகு எடையைப் பொட்டலத்தின் மடிப்புக்குள் அச்சிட்டார்கள். மெம்பர்கள் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகுதான் விதிகள் வந்தன.

பேனா, பென்சில், போன் எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கைப்பிடிக் கூடைகளை எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் கைப்பிடி வைத்த கூடைகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கையும் கூடையில் இருந்தால் விரல் விட்டு எண்ண முடியாது என்பது கமிட்டியின் கண்டுபிடிப்பு. பொருளை எப்படி எடுப்பது என்று யாரோ கேட்டதற்கு, "ஊழியர் எடுத்து வெப்பார். எது வேணும்னும் அவரே சொல்லுவார்" என்று பதில் வந்தது.

இதற்கெல்லாம் மேலே, நம்பிக்கைக் கண்காணிப்பாளர் என்று ஒருவரை நியமித்தார்கள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர்தான், இப்போது சட்டைக் கையைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு, நோட்டும் கையுமாக அலைந்தார். விலைச்சீட்டைப் பார்க்கும்போது உதடு அசைகிறவர்களைக் குறித்துக்கொள்வது அவர் வேலை. என் கண்முன்னாலேயே எக்ஸ்ரே அறைக்காரரைப் பிடித்தார். பாவம், அவர் மனைவி சொல்லி அனுப்பிய சாமான்களை மறக்காமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம், உருளைக்கிழங்குன்னு சொல்லிட்டிருந்தேன் சார்!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்று எழுதிக்கொண்டார் கண்காணிப்பாளர். அன்று முதல் நான் கடைக்குள் கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே நடந்தேன். ரத்தம் கட்டிக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. 'பண்டகசாலை எல்லைக்குள் மெம்பர்கள் முன்னிலையில் பலமுறை, வேண்டுமென்றே, சரியாக வகுத்தது தொடர்பாக' என்று ஆரம்பித்தது. விசாரணை முடியும்வரை கார்டு நிறுத்தி வைக்கப்படுகிறதாம்.

படித்துவிட்டு நான் நேராகச் சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம் மாவு இருந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் வந்து நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முப்பத்தொன்பது ஸ்பூன் இருக்கும். ஒரு நாளைக்குப் பதிமூணு. மூணு நாள்" என்றாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இடுப்பில் இருந்த மகள் ஸ்பூனைப் பிடுங்க எட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே விசாரணை. துணைக்கு நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாலும் அவள்தான் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

கமிட்டி அறையில் நீளமான மேஜை. தலைவர் நாற்காலியில் மூன்று மெத்தை, செயலாளர் நாற்காலியில் இரண்டு, ஆலோசகர் நாற்காலியில் ஒன்று. ஆலோசகர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சுவரில் 'மெம்பர் மகிழ்ச்சி' என்று ஒரு வரைபடம். அதன் கோடு ஏறி, ஏறி, தாள் முடிந்த பிறகும் நிற்காமல் சுவரில் பெயின்டால் தொடர்ந்து விட்டத்தைத் தொட்டிருந்தது. என் மனைவி அந்தக் கோட்டைப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

செயலாளர்தான் முதலில் பேசினார். மிகவும் அன்பாகப் பேசினார், அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அம்மா, ரெண்டு கிலோவுக்குப் பத்து ஜாஸ்தி வெச்சிருக்கோம்னு சொன்னீங்களாம். வெச்சிருக்கோம். நாங்க மறைக்கவே இல்லியே? ஏன் வெச்சோம்? ஒரு மெம்பர் சின்னச் சின்னப் பொட்டலமா தூக்கிட்டுப் போனா, தெருவுல பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? பெரிய பொதியைத் தோள்ல வெச்சுட்டுப் போறப்போ ஒரு கம்பீரம் வருதில்ல? அந்தக் கம்பீரத்துக்குத்தான் பத்து. வேற எந்தக் கடையில பத்துக்குக் கம்பீரம் கிடைக்கும்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். மற்ற இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கணக்குக்கு நாங்க எதிரி இல்லை" என்றார். "கூட்டுங்க. கூட்டத்தானே பில் மெஷின் வெச்சிருக்கோம்? பெருக்குங்க, பெருக்கறது வளர்ச்சி. கழிக்கற சிரமத்தை உங்களுக்கு வெக்கக் கூடாதுன்னு சம்பளத்துல நாங்களே கழிச்சுக்கறோம். ஆனா வகுத்தல்? எதையும் வகுத்தா சின்னதாப் போயிடும் அம்மா. இவ்வளவு பெரிய சங்கம், நாலாயிரம் மெம்பர். இதையே ஒருத்தன் உக்காந்து வகுத்துப் பாத்தான்னு வெச்சுக்கோங்க, கடைசியில என்ன நிக்கும்? நாங்க மூணு பேருதான் நிப்போம். அதைப் பாத்து மெம்பருக்கு என்ன சந்தோஷம்?"

"எனக்கும் இல்லை" என்று ஆலோசகர் ஆமோதித்தார்.

"சார், நான் யாரையும் தப்பா சொல்லலை. குழந்தைக்குப் பால்மாவு வேணும் சார். ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு" என்றாள் என் மனைவி.

"பாத்தீங்களா, இதைத்தான் சொல்றோம்" என்றார் செயலாளர் வருத்தமாக. "டப்பாவை அப்படியே டப்பாவா பாக்காம, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பாக்கறீங்க. அதனாலதான் உங்களுக்கு இந்தக் கவலை. வகுக்காதவங்க யாராவது இங்க கவலையோட வந்திருக்காங்களா?"

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். அறியாமை உறுதிமொழி. 'எனக்கு வகுக்கத் தெரியாது என்றும், இதற்கு முன் நான் வகுத்ததுபோல் தோன்றியவை யாவும் தற்செயலே என்றும், விடைகள் சரியாக இருந்ததற்கு நான் பொறுப்பல்ல என்றும் உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்து. அதற்குக் கீழே 'செய்முறைத் தேர்வு' என்று ஒரு கட்டம்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். போட்டாள்.

ஆலோசகர் எழுந்து நின்று கேட்டார்: "எண்பத்துநாலை ஏழால வகுத்தா என்ன?"

ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பான எண்ணைச் சொல்லாதவள். அவள் வார்டில் தப்பான எண் என்றால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள், மூடினாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின.

"பதி... பதிமூணு" என்றாள்.

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். "தப்புதானே?"

ஆலோசகர் நெளிந்தார். "அதை நான் எப்படிச் சொல்ல முடியும் சார்? வேலைக்குச் சேரும்போது நானும் இதே உறுதிமொழியில கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"செயலாளர்?"

"நானும்தான். நீங்களும்தான் சார், போன பொதுக்குழுவுல."

இவள் சொன்னது சரியாக இருந்துவிட்டால் கார்டு போய்விடும், தப்பாக இருந்தால் கிடைத்துவிடும், எது என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. கடைசியில் தலைவர்தான் முன்னால் குனிந்து என் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தப்புதான்" என்றார் திருப்தியாக. "சரியான விடை சொல்றவங்க முகம் இப்படி இருக்காது."

கட்டத்தில் 'தேர்ச்சி' என்று எழுதினார்கள்.

கார்டு திரும்பி வந்தது. அன்றே டப்பா வாங்கினோம். கேஷியர் மணி அடித்து வாழ்த்தினார், வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள், அக்காவும் தட்டினாள். வெளியே வந்ததும் என் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பன்னெண்டுங்க" என்றாள் மெதுவாக.

எனக்கு அழுகை வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் உதட்டைக் கடித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் எங்கள் ஊர் ஆபீஸ்களில் எந்தத் தாளும் தனியாகப் போவதில்லை, நகலோடுதான் போகும். உறுதிமொழியின் நகல் மருத்துவமனை மேற்பார்வையாளருக்குப் போனது. அவர் ஒரு வாரம் அதைப் படித்துவிட்டு, குழந்தைகளுக்கு மருந்து அளக்கும் ஒருவருக்கு வகுக்கத் தெரியாது என்று தெரிந்து திடுக்கிட்டு, உடனடியாக நடவடிக்கை எடுத்தார். என் மனைவியைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்குப் பக்கத்து மேஜை. அவள் தலையணை உறை, நான் போர்வை.

அதற்குள் கமிட்டி இன்னொரு முடிவு எடுத்திருந்தது. எதற்கு ஒருவர் ஒருவராக விசாரிப்பது? கார்டு புதுப்பிக்க வருகிற எல்லோரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போயிற்று. எல்லோரும் போட்டார்கள். நர்ஸ்கள் போட்டார்கள், மருந்துக் கிடங்குக்காரர் போட்டார். டாக்டர்களும் போட்டார்கள், டாக்டர் வீட்டிலும் சர்க்கரை தீரத்தானே செய்யும்? எல்லாவற்றுக்கும் நகல் போனது. மேற்பார்வையாளர் மேஜையில் நகல்கள் குவிந்தபோதுதான், தன் மருத்துவமனையில் ஒருவருக்கும் வகுக்கத் தெரியாது என்ற உண்மை அவருக்குத் தெரியவந்தது. அவரும் மெம்பர் என்பதால் அவருடைய நகலை அவருக்கே அனுப்பியிருந்தார்கள்.

அவர் சளைக்கவில்லை. அனுபவசாலிகள் என்று பண்டகசாலையிடமே யோசனை கேட்டார். பண்டகசாலை ஒரு அட்டவணை அச்சடித்துக் கொடுத்தது. குழந்தைகள் மூன்று அளவு: சின்னது ஐந்து கிலோ, நடுத்தரம் பத்து கிலோ, குடும்ப அளவு பதினைந்து கிலோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்தளவு. யாரும் இதை மீறி ரகசியமாக வகுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள, கண்காணிப்பாளரை வார்டுகளுக்கும் அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், சலவைப் பிரிவில் எங்களோடு தூளியில் கிடந்த மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தொட்டால் சுட்டது. கண் சொருகியது. நாங்கள் இரண்டு பேரும் சலவைக் கூடையை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு ஓடினோம்.

டாக்டர் பார்த்தார். சீட்டில் 'கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்' என்று எழுதினார். எழுதிய கை அங்கேயே நின்றது. எடை மிஷினில் ஏழு கிலோ இருநூறு கிராம். பாட்டிலில் ஐந்து மில்லியில் நூற்றிருபது மில்லிகிராம் என்று போட்டிருந்தது. முதல் படி பெருக்கல், அது அனுமதிக்கப்பட்டது, டாக்டர் செய்தார்: நூற்றெட்டு மில்லிகிராம். அதற்கு எத்தனை மில்லி ஊற்றுவது என்பது அடுத்த படி. சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். என் மகள் எந்தப் பொதியிலும் அடங்கவில்லை.

"சின்னதுன்னு வெச்சுக்கலாமா?" என்றார் டாக்டர்.

"காய்ச்சல் இறங்காது டாக்டர்" என்றாள் புது நர்ஸ். என் மனைவியிடம்தான் அவள் வேலை கற்றவள்.

"அப்ப நடுத்தரம்?"

"அது ஜாஸ்தி டாக்டர். ரொம்ப ஜாஸ்தி."

வாசலில் கண்காணிப்பாளர் நோட்டோடு நின்றிருந்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் விடை தெரியும் என்பது என்னைப் போன்ற மடையனுக்கே தெரிந்தது. இறுக மூடிய உதடுகளுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தது. கட்டிலில் என் மகள் அனத்திக்கொண்டிருந்தாள்.

"நாலரை" என்றாள் என் மனைவி. "நாலரை மில்லி. குடும்மா, சீக்கிரம்."

நர்ஸ் மருந்தை உறிஞ்சி எடுத்தாள். குழந்தையின் வாயருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்குக் கமிட்டியில பதிமூணுன்னு சொன்னீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன். இப்ப... நிஜமா நாலரைதானா?"

என் மனைவியின் முகத்தை நான் பார்த்தேன். கமிட்டி அறையில் பார்த்த அதே முகம். நெற்றியில் வேர்வை, கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒன்பது வருஷம் சரியாகவே சொன்னவளுக்குத் தன் விடை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் பயந்தது போல வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள் என்னிடம். "கார்டு உங்க பேருல இல்லை, நீங்க கையெழுத்துப் போடலை. நீங்க சொல்லலாம்."

சொல்லலாம். அந்தக் கட்டடத்திலேயே வகுக்க உரிமையுள்ள ஒரே ஆள் நான்தான், எனக்குத்தான் வகுக்கத் தெரியாது. ஐந்துக்கு நூற்றிருபது என்றால் ஒன்றுக்கு இருபத்துநாலு என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். நூற்றெட்டில் இருபத்துநாலு எத்தனை தடவை என்று கேட்டாள். என் தலைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. எண்கள் பயப்படுத்தின. கண்ணை மூடினேன். போர்வைதான் தெரிந்தது.

எங்கள் பிரிவில் இருபத்துநாலு போர்வை ஒரு கட்டு. நூற்றெட்டுப் போர்வையைத் தரையில் கொட்டினேன், மனசுக்குள். ஒரு கட்டு கட்டி ஓரமாக வைத்தேன். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. மீதியை எண்ணினேன். பன்னிரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். பன்னிரண்டு என்பது அரைக் கட்டு, அதைச் சின்னக் கயிறு போட்டுக் கட்டுவோம்.

"நாலு கட்டு, ஒரு அரைக் கட்டு" என்றேன். "நாலரை."

நர்ஸ் மருந்தைக் கொடுத்தாள். மகள் முகத்தைச் சுளித்து விழுங்கினாள். டாக்டர் அவசரமாக வெளியே போய்விட்டார், அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு மகளுக்கு வேர்க்க ஆரம்பித்தது. சூடு இறங்கியது. கண்ணைத் திறந்து அம்மாவின் மூக்கைப் பிடித்தாள்.

அப்போதுதான் கண்காணிப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்.

"சார், எங்க வீட்டுலயும் ஒரு கைக்குழந்தை. சாதாப் பால்மாவுதான். நானூறு கிராம் டப்பா நானூத்தி எண்பது, தொள்ளாயிரம் கிராம் டப்பா ஆயிரத்து நூத்திப் பதினாறு. பெரிசுல 'மகா லாபம்'னு போட்டிருக்கு. எது சார் லாபம்?"

நிஜமாகக் கேட்கிறாரா, பொறி வைக்கிறாரா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் பிழைத்துவிட்டாள், கார்டு இன்னும் இருக்கிறது, டப்பா வேண்டும். எனக்கு வந்த தைரியமெல்லாம் நாலரை மில்லி அளவுதான் போலிருக்கிறது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். திரும்பப் போனார். கட்டிலிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது, வார்டு முழுக்கக் கேட்கும் குரல், பழைய குரல்.

"சின்னதையே வாங்குங்க. பெரிசுல நூறு கிராமுக்கு நாலு ஜாஸ்தி."

கண்காணிப்பாளர் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடை பில்லை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றார், மனசாரத்தான் சொன்னார். பில்லை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து, தேதி போட்டு, அதிலும் எழுதினார்.

என் மனைவி மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு டப்பாவில் மாவு இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று அவளிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள்.